கணினி திடீரென நின்றுபோனால்: ராமா, போர்டா, எஸ்எம்பிஎஸ்ஸா?

நீலத்திரை (விண்டோஸ் பிழைச் செய்தியோடு நின்றுபோவது), தானாக ரீஸ்டார்ட் ஆவது, கறுப்புத் திரையோடு உறைந்துவிடுவது ஆகியவை பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பதில்களுக்குள் போகும் முன் ஒரு வேண்டுகோள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததைத் தேதியோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒரே நாளில் ராமைக் கழற்றி, டிரைவரை (ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) மாற்றி, பயாஸையும் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிட்டால், கோளாறு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

கேள்வி: டெஸ்க்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தது. இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டதிலிருந்து வாரத்துக்கு மூன்று நான்கு முறை நீலத்திரை வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைச் செய்தி. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். போடலாமா?

பதில்: வேண்டாம். ராம் தவறு செய்கிறது என்றால், விண்டோஸ் நிறுவும்போது வட்டில் எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் அதே ராம் வழியாகத்தான் போகும். புதிய விண்டோஸே சிதைந்த கோப்புகளோடு தொடங்கும். விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை, பழுதுபார்க்கும் முறையில் ஓட்டுவதும் இந்த நிலையில் ஆபத்து. அது கோப்பு அட்டவணையையே திருத்தி எழுதும் கருவி. அது கணக்குப் போடும் நினைவகம் பொய் சொன்னால் நல்ல கோப்புகளும் போய்விடும்.

நீலத்திரையைவிடப் பெரிய ஆபத்து இதுதான். கெட்ட ராம் கணினியை நிறுத்தும்போதாவது நமக்குத் தெரிகிறது. நிறுத்தாத நேரத்தில் புகைப்படத்திலோ கணக்குக் கோப்பிலோ ஒரு பிட்டை மாற்றிச் சேமித்துவிட்டுச் சத்தமில்லாமல் இருந்துவிடும். ஆகவே முதல் வேலை, புதிய ராமைக் கழற்றுவது. பழைய ராமோடு மட்டும் இயக்கி, முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். முன்பே எடுத்துவைத்த பேக்கப் இருந்தால் அதன் மேலேயே எழுதாதீர்கள். தனி ஃபோல்டரில் வையுங்கள்.

செய்தி மாறிக்கொண்டே இருக்கிறது என்கிறீர்கள் அல்லவா, அதுவே நல்ல துப்பு. 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா', 'ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்', 'சிஸ்டம் சர்வீஸ் எக்செப்ஷன்' என்று மாறி மாறி வந்தால் ராம் மீது சந்தேகம் வலுக்கும். ஒரே செய்தி, ஒரே டிரைவர் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அந்த டிரைவரைப் பாருங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு கோப்பு அங்கே சேரும். விண்டிபிஜி போன்ற கருவியில் நான்கைந்து கோப்புகளைத் திறந்து, எந்த டிரைவர் மீது பழி விழுகிறது என்று ஒப்பிடுங்கள். ஒன்றில் நெட்வொர்க் டிரைவர், அடுத்ததில் கிராஃபிக்ஸ், அதற்கடுத்ததில் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் என்று இருந்தால், அந்த டிரைவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் கெட்டுப்போயிருக்க வாய்ப்பில்லை. அவை நின்ற தரையான ராம்தான் சரியில்லை.

இனி சோதனை. பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் பெட்டியில் போட்ட அதிக வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். பிறகு பழைய ராமை 'அ' என்றும் புதியதை 'ஆ' என்றும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனியாக ஒரே ஸ்லாட்டில் போட்டு மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். பிறகு இன்னொரு ஸ்லாட்டிலும் அப்படியே செய்யுங்கள். 'ஆ' மட்டும் பிழை காட்டினால் அந்த ராம் பழுது, வாரன்டியில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் ஒரு ஸ்லாட்டில் தேறி, இன்னொரு ஸ்லாட்டில் தவறினால் ஸ்லாட், மதர்போர்டு, பிராசசரின் மெமரி கன்ட்ரோலர் (ராமோடு பேசும் பகுதி) ஆகிய மூன்றில் ஒன்று பழுது. இரண்டும் தனித்தனியே எந்த ஸ்லாட்டிலும் தேறி, சேர்ந்து இருக்கும்போது மட்டும் பிழை வந்தால், இரண்டுமே நல்ல ராம்தான். ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவே.

இந்த ஒத்துப்போகாமை எங்கிருந்து வருகிறது? பெட்டியில் 'டிடிஆர்4 3200' என்று அச்சிட்டிருப்பது வேகம் மட்டும். அதன் பின்னால் டைமிங் எண்கள், மின்னழுத்தம், சிப்கள் ஒரு தொகுதியா இரண்டு தொகுதியா (ரேங்க்) என்பது, எந்த நிறுவனத்தின் சிப் என்பது என்று பல விஷயங்கள் இருக்கின்றன. ஒரே மாடல் எண்ணில் வெவ்வேறு காலத்தில் வந்த ராம்களில்கூட உள்ளே வேறு சிப் இருக்கலாம். எக்ஸ்எம்பியை இயக்கினால் பல போர்டுகள் ஒரு ராமின் ப்ரொஃபைலை எடுத்து இரண்டுக்கும் போட்டுவிடும். ஒன்றுக்கு வசதியான டைமிங் மற்றதற்கு மூச்சு முட்டும். சிபியு-இசட் மென்பொருளில், ராம் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரங்கள் உள்ள 'எஸ்பிடி' பக்கத்தைத் திறந்து ஸ்லாட்டுக்கு ஸ்லாட் ஒப்பிட்டால் இந்த வித்தியாசங்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தீர்வு மூன்று படிகளில் இருக்கிறது. எக்ஸ்எம்பி இல்லாமல், டிடிஆர்4-இன் அடிப்படை மின்னழுத்தமான 1.2 வோல்ட்டிலேயே ஓடவிடுங்கள். அதிலும் தவறினால் வேகத்தை 2666-க்கோ 2400-க்கோ இறக்குங்கள். அதுவும் உதவாவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிட் வாங்குவதுதான் நல்லது. அந்த ஜோடி ஒன்றாகச் சோதிக்கப்பட்டது. தனித்தனியாக வாங்கிய இரண்டுக்கு அந்த உறுதி கிடையாது.

கேள்வி: விண்டோஸில் உள்ள மெமரி சோதனையை ஓட்டினேன். 'பிழை எதுவும் இல்லை' என்றது. ஆனாலும் கணினி நின்றுபோகிறது. ராமை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாமா?

பதில்: இன்னும் இல்லை. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் இயல்பாக 'ஸ்டாண்டர்டு' முறையில் இரண்டு சுற்று மட்டும் ஓடும். சோதனை நடக்கும்போது எஃப்1 அழுத்தினால் 'எக்ஸ்டெண்டட்' முறையைத் தேர்ந்தெடுக்கலாம். சுற்றுகளின் எண்ணிக்கையையும் கூட்டலாம். முடிவு திரையில் வராமல் போனால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'மெமரிடயக்னாஸ்டிக்ஸ் ரிசல்ட்ஸ்' என்ற பதிவைத் தேடுங்கள். இந்தச் சோதனை பிழை காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் அதை மட்டும் வைத்து ராமுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

அடுத்து மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+. இரண்டும் பென் டிரைவிலிருந்து தொடங்குபவை. முதலாவதின் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நிற்கும். இரண்டாவது நீங்கள் நிறுத்தும் வரை ஓடும். இதற்காக பயாஸில் உள்ள செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைக்க நேர்ந்தால், முதலில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் நிலை மாறியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். கையில் இல்லாவிட்டால் வட்டைத் திறக்க வழியில்லை.

எத்தனை பிழை வரை பொறுக்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். பூஜ்யம்தான். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு சரியில்லை. மெம்டெஸ்ட்86-இன் 13-ஆவது சோதனையான 'ஹேமர் டெஸ்ட்' மட்டும் சற்று வேறு. ஒரே வரிசையை விடாமல் தட்டித் தட்டிப் பக்கத்து வரிசையின் பிட் புரள்கிறதா என்று அது பார்க்கிறது. மற்ற எல்லாவற்றிலும் தேறி அதில் மட்டும் பிழை வந்தால், அன்றாட நீலத்திரைக்கு அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், கேபினெட் சூடாகாது. சூட்டில் மட்டும் தவறும் ராம் அப்போது பிடிபடாது. அதனால் விண்டோஸுக்குள்ளேயே டெஸ்ட்மெம்5, ஓசிசிடி, பிரைம்95-இன் 'பிளெண்ட்' போன்ற சோதனை மென்பொருள்களில் ஒன்றை ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள்.

எளிய சோதனை ஒன்றும் உண்டு. உங்கள் ராமின் அளவைவிடப் பெரிய ஒரு கோப்பை எடுங்கள். 16 ஜிபி ராம் என்றால் 20 ஜிபி கோப்பு. செவன்-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'எஸ்எச்ஏ-256' மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு கைரேகை) ஐந்து முறை கணக்கிடுங்கள். ஐந்தும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முறை மாறினாலும் ராம், பிராசசர், வட்டு ஆகியவற்றுக்கு இடையே எங்கோ தரவு சிதைகிறது. சிறிய கோப்பில் இது பயன்படாது. முதல் முறை படித்ததை விண்டோஸ் ராமிலேயே வைத்திருந்து அதையே திரும்பக் கொடுக்கும்; தவறாக இருந்தாலும் ஐந்து முறையும் ஒரே தவறுதான் வரும்.

டிடிஆர்5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த ராம்களில் சிப்புக்குள்ளேயே ஒரு பிழைத் திருத்தம் இருக்கிறது. சிப்புக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதையில் நேரும் பிழையை அது பார்ப்பதில்லை. சர்வர் ராம்களில் இருக்கும் 'இசிசி' என்ற பிழைத் திருத்தம் வேறு, இது வேறு.

கேள்வி: நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போடுவதென்றால் எந்த இரண்டில்?

பதில்: பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி 2-ஆவதும் 4-ஆவதும். போர்டின் மேல் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். ஒரு சேனலின் (ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான தரவுத் தடம்) கம்பிப் பாதை முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் முடிகிறது. முதல் ஸ்லாட்டில் மட்டும் ராம் இருந்தால் மீதிப் பாதை வெறும் வாலாகத் தொங்கும். சிக்னல் அதில் மோதி எதிரொலிக்கும். குறைந்த வேகத்தில் இது பொருட்டில்லை. 3600, 6000 என்று போகும்போது இதுவே நீலத்திரைக்குப் போதும்.

கேள்வி: ரைசன் 7000 வரிசை பிராசசர். 16 ஜிபி டிடிஆர்5 ராம் நான்கு போட்டிருக்கிறேன், 6000 வேகம். முதல் முறை இயக்கியபோது பல நிமிடம் கறுப்புத் திரை. பிறகு எக்ஸ்போ (எக்ஸ்எம்பிபோல ஏஎம்டியின் வேக அமைப்பு) இயக்கினால் நிலையாக நிற்பதே இல்லை. ராம் பழுதா?

பதில்: அநேகமாக எதுவும் பழுதில்லை. இந்த வரிசைக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ எண்களைப் பாருங்கள்: இரண்டு ராம் என்றால் 5200, நான்கு என்றால் 3600. 6000 என்பது ராம் தயாரிப்பாளர் தரும் எண். பிராசசர் அதற்கு உறுதி கொடுக்கவில்லை. இரண்டு ராமில் பெரும்பாலும் ஓடிவிடுகிறது. நான்கில் மெமரி கன்ட்ரோலர் இரட்டிப்புச் சுமையைத் தூக்குகிறது.

கறுப்புத் திரைக்குக் காரணம் மெமரி டிரெயினிங். ஒவ்வொரு கம்பியிலும் சிக்னல் எந்தக் கணத்தில் தெளிவாக வருகிறது என்று போர்டு அளந்து பார்க்கும் வேலை அது. முதல் முறை இயக்கும்போதும், பயாஸைப் புதுப்பித்த பிறகும், ராமை மாற்றிய பிறகும் நடக்கும். நான்கு ராம் என்றால் இன்னும் நீளும். 'டிராம்' என்ற விளக்கு எரிந்துகொண்டிருந்தால் பதறிப்போய்ப் பவரை நிறுத்தாதீர்கள். 15 நிமிடமாவது பொறுங்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால்தான் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு சிமாஸைக் கிளியர் செய்ய வேண்டும், அதாவது பயாஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

நிலையாக ஓட என்ன செய்யலாம்? பயாஸைப் புதுப்பியுங்கள், இந்த பிளாட்ஃபார்மில் மெமரி ஒத்துழைப்பு பயாஸுக்குப் பயாஸ் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. எக்ஸ்போவை அணைத்து 3600-இல் ஒரு நாள் ஓட்டுங்கள். தேறினால் 4400, 4800 என்று ஒவ்வொரு படியாக ஏற்றி, படிக்கொரு முறை சோதியுங்கள். 'மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்' என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால் அணைத்தும் பாருங்கள். அது பழைய டிரெயினிங் முடிவையே திரும்பப் பயன்படுத்திச் சீக்கிரம் பூட் ஆக வைக்கும். அந்த முடிவு விளிம்பில் இருந்தால் நீலத்திரை வரும். 64 ஜிபி கட்டாயம் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் 32 ஜிபி இரண்டாக மாற்றிக்கொள்வதே நிம்மதி. டிடிஆர்5-ஐப் பொறுத்தவரை நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: பழைய லேப்டாப்புக்கு டிடிஆர்3 ராம் வாங்கினேன். ஸ்லாட்டில் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் திரையே வரவில்லை.

பதில்: ராம் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 'பிசி3' என்று இருந்தால் அது 1.5 வோல்ட் ராம். 'பிசி3எல்' என்று இருந்தால் 1.35 வோல்ட். இரண்டுக்கும் 204 பின், ஒரே வெட்டு. அதனால் எதிலும் உட்காரும். இன்டெல் 4-ஆம் தலைமுறை லேப்டாப்கள் முதல் 1.35 வோல்ட் ராம்தான் கேட்கின்றன, 1.5 வோல்ட் ராமைப் போட்டால் பீப் சத்தமோ வெற்றுத் திரையோதான் மிஞ்சும். மாறாக, எல் வகையை 1.5 வோல்ட் கேட்கும் பழைய லேப்டாப்பில் போடலாம், அது இரண்டிலும் ஓடும். லேபிளில் உள்ள 12800 என்ற எண்ணை 8-ஆல் வகுத்தால் வேகம் கிடைக்கும்: 1600.

டெஸ்க்டாப்புக்குப் பழைய ராம் தேடுபவர்களும் இதைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் சில டிடிஆர்3 ராம்கள் ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடும். இன்டெல் போர்டில் உயிர் வராது. சர்வரிலிருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்டு' டிடிஆர்4 ராமும் வீட்டு போர்டின் ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தும், ஆனால் பூட் ஆகாது. பொருந்துகிறது என்பதால் ஓடும் என்று அர்த்தமில்லை.

கேள்வி: 8 ஜிபி இரண்டு போட்டிருக்கிறேன். விண்டோஸ் '16 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 8 ஜிபி' என்கிறது.

பதில்: முதலில் பயாஸுக்குள் போய் மொத்த ராம் எவ்வளவு என்று பாருங்கள். அங்கே 16 என்று இருந்தால் கோளாறு விண்டோஸ் அமைப்பில். 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, பூட் பக்கத்தில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் 'மேக்ஸிமம் மெமரி' என்ற பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் கூடும் என்று எங்கோ படித்துவிட்டு அதில் டிக் போட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர். 32-பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் அது எடுக்காது.

பயாஸிலும் 8 தான் என்றால், அல்லது இரண்டு ராமின் பெயரும் பட்டியலில் இருந்தும் மொத்தம் 8 என்றே காட்டினால், அது தொடர்புக் கோளாறு. ராம் இன்னது என்று சொல்லும் தகவல் வேறு பின்கள் வழியாகப் போகிறது. தரவு வேறு பின்கள் வழியாகப் போகிறது. பெயர் தெரிந்தும் இடம் கிடைக்காமல் போவது இதனால்தான். ராமைக் கழற்றி அழுத்தமாகப் போடுங்கள். தீரவில்லை என்றால் பிராசசர் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். பின்கள் போர்டிலேயே இருக்கும் எல்ஜிஏ சாக்கெட்டில் ஒரே ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு மெமரி சேனல் முழுவதும் செத்துவிடும். கூலரின் ஒரு பக்கத் திருகை மட்டும் அதிகமாக இறுக்கினாலும் இதே நிலைதான். நான்கையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறுக்குங்கள்.

கேள்வி: கேம் விளையாடும்போது மட்டும் கணினி பட்டென்று ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத்திரைகூட வருவதில்லை. ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருக்கிறது. இது என்ன கோளாறு?

பதில்: 41 என்பது கோளாறின் பெயரே இல்லை. 'கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றுபோனது' என்று மறுபடி எழுந்த விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு மட்டுமே. அந்தப் பதிவின் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் 'பக்செக்கோடு' என்ற வரியைப் பாருங்கள். எண் பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்குத் தன் மரணத்தைப் பதிவுசெய்யக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று பொருள். மின்சாரப் பக்கம் தேடுங்கள். எண் இருந்தால் நீலத்திரை வந்து கண்ணில் படாமல் போயிருக்கிறது. 'ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரி' அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் அடுத்த முறை திரை நிற்கும், படிக்கலாம்.

மின்சாரப் பக்கம் என்றால் எஸ்எம்பிஎஸ், கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி. கிராஃபிக்ஸ் கார்டு ஒரே சீராக மின்சாரம் இழுப்பதில்லை. சில மில்லி விநாடிகளுக்குத் தன் சராசரியைவிட வெகுவாக அதிகம் இழுக்கும். வாட் கணக்கு கூட்டிப் பார்த்துச் சரியாக இருக்கிறதே என்று நினைக்கும் எஸ்எம்பிஎஸ்கூட அந்தக் கணத்தில் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். இதை நிரூபிக்கச் செலவில்லாத வழி: கார்டின் மென்பொருளில் 'பவர் லிமிட்'டை 70 சதவீதமாகக் குறைத்து அதே கேமை விளையாடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மீதோ கேபிள் மீதோ உறுதியாகிறது.

கேபிள் என்றதும் ஒன்று. ஒரு 8 பின் இணைப்புக்கு 150 வாட், போர்டின் ஸ்லாட்டுக்கு 75 வாட் என்பது வரையறை. கார்டில் இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால், சுமை இருக்கும்போது மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே அளவெடுங்கள். 11.4 முதல் 12.6 வோல்ட் வரை சரி. மென்பொருள் காட்டும் வோல்ட்டை நம்பி எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த அளவீடு பல போர்டுகளில் தவறு. மீட்டர் சரியாகக் காட்டினாலும் மில்லி விநாடிச் சரிவை அது பார்க்காது. கடைசியில், நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பதுதான் முடிவான சோதனை.

அப்படி மாற்றும்போது மிக முக்கியம்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது. வட்டுப் பக்க முனை எல்லாவற்றிலும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் வட்டுகள் அந்த நொடியே கருகும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. முதல் தலைமுறை ரைசன். கேமில் ஒரு பிரச்சினையும் இல்லை. சும்மா விட்டுவிட்டுப் போனால் உறைந்து நிற்கிறது.

பதில்: பிராசசர் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகும்போது மிகக் குறைந்த மின்சாரமே இழுக்கிறது. சில எஸ்எம்பிஎஸ்களால் அவ்வளவு குறைந்த சுமையில் சீராக ஓட முடிவதில்லை. பயாஸில் 'ஏஎம்டி சிபிஎஸ்' பகுதியில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிகல் கரன்ட் ஐடில்' என்று மாற்றுங்கள். அந்த வரி இல்லாத போர்டில் 'குளோபல் சி-ஸ்டேட் கன்ட்ரோல்' என்பதை அணைத்துப் பார்க்கலாம். ஓய்வு நேர மின்செலவு கொஞ்சம் கூடும். 5000 வரிசை முதல் வந்தவற்றில் இதே அறிகுறி தெரிந்தால், பிராசசரின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 'கர்வ் ஆப்டிமைசர்' மதிப்பை மைனஸில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சுமை சோதனையில் தேறும் மைனஸ் மதிப்பு ஓய்வில் தவறுவது வழக்கம்.

கேள்வி: 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்று வருகிறது. ராம் மாற்றியும் தீரவில்லை.

பதில்: வட்டிலிருந்து ராமுக்கு ஒரு பக்கத்தைக் கொண்டுவர முடியவில்லை என்பதே இந்தச் செய்தி. ஆகவே ராமுக்கு முன் வட்டைத்தான் பார்த்திருக்க வேண்டும். அதோடு வரும் நிலை எண் 9சி என்று முடிந்தால் வட்டில் பழுதான செக்டர். 185 என்று முடிந்தால் கேபிளோ இணைப்போ சரியில்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சாட்டா வட்டுக்கு 199 என்ற சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றினாலே போதும். 5, 197 ஆகிய வரிகளில் எண் ஏறினால் வட்டு போய்க்கொண்டிருக்கிறது, இன்றே நகலெடுங்கள்.

கேள்வி: இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களில் கோளாறு என்கிறார்களே. அது ராம் கோளாறுபோலவே தெரியுமா?

பதில்: ஆம், அதனால்தான் பலர் ராமை மாற்றி மாற்றிக் களைத்தார்கள். டெஸ்க்டாப் பிராசசர்களில், 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவை தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் கேட்டு நாளடைவில் தேய்கின்றன என்று 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஐ9 வகைகளில் இது அதிகம் பேசப்பட்டது. கேம் தொடங்கும்போது, வீடியோ மெமரி தாராளமாக இருந்தும், 'வீடியோ மெமரி போதவில்லை' என்று வருவதும், பெரிய கோப்புகளை விரிக்கும்போது பிழை வருவதும் இதன் அடையாளங்கள். மெம்டெஸ்ட் சுத்தமாகத் தேறிவிடும்.

ஆகஸ்ட் 2024-இல் 129 என்ற எண்ணுள்ள மைக்ரோகோடும் (பிராசசருக்கான உள் மென்பொருள்), செப்டம்பரில் 12பி-யும் வந்தன. இவை உங்கள் போர்டின் பயாஸ் புதுப்பிப்போடு சேர்ந்து வரும். பயாஸில் 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். இந்தப் புதுப்பிப்பு இனிமேல் தேயாமல் காக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. பிராசசரின் வேகத்தை முடிவுசெய்யும் பி-கோர் ரேஷியோவை 53-க்கு இறக்கிப் பார்த்து, பிழைகள் நின்றுவிட்டால் பிராசசர்தான் காரணம் என்று கொள்ளலாம். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: ராமின் தங்கக் காலை அழிப்பானால் தேய்க்கலாமா?

பதில்: மென்மையான வெள்ளை அழிப்பான் என்றால், ஓரிரு முறை லேசாகத் தேய்க்கலாம். மை அழிக்கும் கரடுமுரடான அழிப்பான் வேண்டாம். தங்கப் பூச்சு மிக மெல்லியது, சுரண்டிவிடும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு இழை விடாத துணியில் நனைத்துத் துடைப்பது இதைவிட நல்லது. எதைச் செய்தாலும் பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்ட பிறகே ராமைத் தொடுங்கள். அழிப்பான் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் ராம் போர்டோடு பற்றவைத்து வந்திருக்கிறது. மெம்டெஸ்ட் ஒரே முகவரியில் பிழை காட்டுகிறது. போர்டையே மாற்றுவது தவிர வழியில்லையா?

பதில்: தற்காலிக வழி ஒன்று உண்டு. பழுதான இடத்தைத் தொடாதே என்று இயங்குதளத்திடம் சொல்லிவைக்கலாம். விண்டோஸின் பூட் அமைப்பில் 'பேட் மெமரி லிஸ்ட்' என்ற பட்டியல் இருக்கிறது. முகவரியை அப்படியே கொடுக்கக் கூடாது. பக்க எண்ணாகக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் 4096 பைட் என்பதால், மெம்டெஸ்ட் காட்டும் பதினாறடிமான முகவரியின் கடைசி மூன்று இலக்கங்களை வெட்டிவிட்டால் பக்க எண் வந்துவிடும். முன்னும் பின்னும் சில பக்கங்களையும் சேர்த்துக் கொடுங்கள். லினக்ஸில், அதைத் தொடங்கிவைக்கும் கிரப் அமைப்பின் 'பேட்ராம்' வரி இதே வேலையைச் செய்யும். அதற்கு வேண்டிய வடிவத்தை மெம்டெஸ்ட்86+ தானே எழுதித் தரும்.

நான்கு சுற்றிலும் பிழை அதே சிறு இடத்திலேயே இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சுற்றுக்குச் சுற்று முகவரி மாறினாலோ, பிழை நினைவகம் முழுவதும் சிதறியிருந்தாலோ இது பயன்படாது. செய்த பிறகும் மாதம் ஒரு முறை இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். மெம்டெஸ்டுக்கு உங்கள் பட்டியல் தெரியாது, பழைய முகவரியை அது மறுபடியும் காட்டத்தான் செய்யும். நீங்கள் பார்க்க வேண்டியது, அந்தப் பட்டியலில் இல்லாத புதிய முகவரி ஏதாவது வருகிறதா என்பதை. வந்தால், அன்றே கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, போர்டை மாற்றும் வேலையைத் தொடங்குங்கள்.